போனை வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

பகாவ் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமான் வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்து மூலையில் ஒரு மேசை. மேசைமேல் கணினி, பிரிண்டர், ரசீதுப் புத்தகம். வீட்டுக்காரர் லோரி வாடகைக்கு விடுகிறார். மனைவி வண்டிகளுக்குக் காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்துக் கொடுக்கிறார். வீட்டில் இருப்பது 06-இல் தொடங்கும் ஒரே ஓர் எண். காலை பத்து மணிக்குப் பாட்டி, சிரம்பானில் இருக்கும் மகளோடு பேச உட்காருகிறார். அந்த நேரம் பார்த்து, செம்பனைக் குலை ஏற்ற லோரி வேண்டுமென்று ஜெராம் பாடாங் பக்கமிருந்து ஒருவர் அழைக்கிறார். எங்கேஜ். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் எங்கேஜ். மூன்றாவது முறை அவர் வேறொரு லோரிக்காரரின் எண்ணைத் தட்டிவிடுவார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. அவர் பேசுவது அவர் வீட்டுப் போனில்.

இப்படிப்பட்ட வீட்டுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது: இரண்டு லைன் மேசைத் தொலைபேசி. ஒரே ரிசீவர், இரண்டு எண்கள். கடையிலோ இணையச் சந்தையிலோ தேடினால் பல மாதிரிகள் கண்ணில் படும்; பொத்தான்களையும் திரையையும் ஒப்பிட்டு ஒன்றை வாங்கிவிடத் தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது போனை அல்ல, சுவரை. உங்கள் வீட்டுக்குள் வரும் லைன் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால், எந்தப் போன் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு லைன் என்றால்

ஒரே எண்ணுக்கு இரண்டு அறையில் இரண்டு போன் வைப்பது எக்ஸ்டென்ஷன். ஒரே எண்ணில் பேசிக்கொண்டிருக்கும்போது ‘டொக்’ என்று இன்னொரு அழைப்பு குறுக்கே வருவது கால் வெயிட்டிங். இரண்டு லைன் போன் இவை இரண்டும் அல்ல. வீட்டுக்கு ஓர் எண், தொழிலுக்கு ஓர் எண். இரண்டும் ஒரே கருவியில் தனித்தனிப் பொத்தானிலும் விளக்கிலும் இருக்கும். முதல் லைனில் பேசும்போது இரண்டாவது அடித்தால், ‘ஹோல்டு’ அமுக்கிவிட்டு அடுத்த பொத்தானைத் தொட்டுப் பேசலாம். ‘கான்ஃபரன்ஸ்’ அமுக்கினால் இரண்டு பக்கத்தாரும் நீங்களுமாக மூவரும் சேர்ந்து பேசலாம்.

உள்ளே நடப்பது எளிமையானது. பழைய செம்புக் கம்பி முறையில் ஒரு லைன் என்பது ஒரு ஜோடிக் கம்பி. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் அதில் எப்போதும் காத்திருக்கும். ரிசீவரைத் தூக்கினால் சுற்று மூடி மின்சாரம் ஓடும். ‘இவர் பேச வந்துவிட்டார்’ என்று எக்ஸ்சேஞ்சு தெரிந்துகொள்ளும். ஹோல்டு பொத்தான் செய்வதெல்லாம், ரிசீவர் அந்த லைனை விட்ட பிறகும் ஒரு சிறு மின்தடை வழியாகச் சுற்றை மூடியே வைத்திருப்பதுதான். எக்ஸ்சேஞ்சு ஏமாந்து, லைனை வெட்டாமல் வைத்திருக்கிறது. ஆகவே ஹோல்டு, கான்ஃபரன்ஸ் இரண்டுக்கும் தொலைபேசி நிறுவனத்திடம் தனிச் சேவை கேட்க வேண்டியதில்லை, போனே பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று புரியும். ஒரு லைனுக்கு இரண்டு கம்பி என்றால், இரண்டு லைனுக்கு நான்கு. சாதாரணப் போன் வயரில் இரண்டு கம்பிதான் இருக்கும். முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இரண்டு செம்புக் கோடு தெரிந்தால் ஒரு லைன், நான்கு தெரிந்தால் இரண்டு. நடுவில் இருக்கும் ஜோடி முதல் லைன். அதற்கு இருபுறமும் உள்ளவை இரண்டாம் லைன். புதுப் போன் வாங்கி, பழைய வயரையே மாட்டிவிட்டு, ‘இரண்டாவது லைன் செத்துப்போச்சு’ என்று போனைத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. செத்தது போன் அல்ல. வயரில் அந்த ஜோடியே இல்லை.

சுவரில் என்ன இருக்கிறது?

பகாவ் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி மூன்று வழியாக வரலாம்.

முதலாவது, செம்புக் கம்பி. கெடிஸ், செயின்ட் ஹெலியர் போன்ற தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் போன் இருந்தது துரை பங்களாவிலும் ஆபீசில் கிராணி மேசையிலும்தான். லயத்துக்குச் செய்தி என்றால் ஆபீஸ் பையன் ஓடிவர வேண்டும். அரசுத் துறையாக இருந்த ஜபாத்தான் டெலிகோம் 1987-இல் நிறுவனமாக மாறிய பிறகு, வீட்டுக்கு வீடு கம்பி வந்தது. தொழில் செய்கிறவர்கள் இரண்டு லைன் எடுத்து, ஒன்றில் பேச்சும் மற்றொன்றில் ஃபேக்ஸுமாக வைத்துக்கொண்டார்கள். பெயர் அட்டைகளில் ‘ஹண்டிங் லைன்’ என்று அச்சிடுவார்கள்: முதல் எண் எங்கேஜாக இருந்தால் அழைப்பு தானாக அடுத்த எண்ணுக்குத் தாவிவிடும். இரண்டு லைன் மேசைப் போன் பிறந்தது இந்த உலகத்துக்காகத்தான். இன்றும் உங்கள் வீட்டில் இரண்டு செம்பு லைன் உயிரோடு இருந்தால், போனை மாட்டினால் முடிந்தது வேலை. ஆனால் செம்புக் கம்பி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதை நம்பிப் புதிதாகத் திட்டம் போட வேண்டாம்.

இரண்டாவது, இழைக்கம்பி. இந்த வகை இணையச் சேவையான யூனிஃபை 2010-இல் நாட்டில் அறிமுகமானது. சுவரில் பி.டி.யு. என்ற சிறு பெட்டி இருக்கும். கண்ணாடி இழை அதில் வந்து முடியும். அங்கிருந்து ரூட்டருக்கு ஒரு கேபிள். போனுக்கான சிறிய துளை, பெட்டியின் பின்பக்கம் அல்லது ரூட்டரின் பின்பக்கம் இருக்கும். உங்கள் 06 எண் அந்தத் துளையில்தான் வாழ்கிறது. குரல் இணையம் வழியாகப் போனாலும், துளையிலிருந்து வெளியே வருவது பழைய ஜோடிக் கம்பி மொழியேதான். பெட்டி உங்கள் வீட்டுக்குள் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சாக நடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளைகள் இரண்டு இருந்தாலும், வீட்டுத் திட்டத்தில் பொதுவாக ஒன்றுக்குத்தான் எண் இருக்கும்.

மூன்றாவது, சிம் அட்டை. இழைக்கம்பி இன்னும் எட்டாத தோட்ட வீடுகளுக்கும் கம்பத்துக்கும் இதுதான் வழி. மேசைப் போன் உருவத்தில், ரிசீவர் சுருள்வயரோடு, உள்ளே சிம் போடுகிற கருவிகள் கிடைக்கின்றன. இரண்டு சிம் ஏற்பவையும் உண்டு.

எதற்கு எது?

இப்போது முடிவெடுப்பது எளிது.

கையில் இருப்பது ரூட்டர் துளையில் வாழும் பழைய வீட்டு எண். உறவுக்காரர்கள் எல்லாரும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதை விட மனமில்லை. தொழிலுக்கு இரண்டாவதாக ஓர் எண் மட்டும் வேண்டும். பகாவில் பெரும்பாலோர் நிலை இதுவாகத்தான் இருக்கும். இவர்களுக்கு ஏற்றது பழைய பாணி, அதாவது அனலாக் இரண்டு லைன் போன். முதல் லைன் ரூட்டர் துளையிலிருந்து வரும். இரண்டாவதை இணையவழித் தொலைபேசி நிறுவனத்திடம் வாங்கி, ஏ.டி.ஏ. என்ற சிறு பெட்டி வழியாகக் கொண்டுவரலாம். ஏ.டி.ஏ.வின் ஒரு பக்கம் இணையக் கேபிள், மறுபக்கம் போன் துளை. கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் எச்.டி.801-இல் ஒரு போன் துளையும் எச்.டி.802-இல் இரண்டும் இருக்கும். நாளை மூன்றாவது எண் தேவைப்படலாம் என்று நினைப்பவர் இரண்டு துளை உள்ளதை எடுக்கலாம்.

இங்கே போனின் பின்பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில இரண்டு லைன் போன்களில் ‘லைன் 1’, ‘லைன் 2’ என்று இரண்டு துளை இருக்கும். ரூட்டரிலிருந்து ஒரு வயர், ஏ.டி.ஏ.விலிருந்து ஒரு வயர், வேலை முடிந்தது. சிலவற்றில் நான்கு கம்பி ஏற்கும் ஒற்றைத் துளை மட்டுமே இருக்கும். அப்போது இரண்டு வயரை ஒன்றாக்கும் இணைப்பான் தனியாக வேண்டும். லைனைப் பிரித்துத் தரும் சாதாரண ஸ்ப்ளிட்டர் இதற்கு உதவாது. அது ஒரே ஜோடியை இரண்டு இடத்துக்கு அனுப்பும். இரண்டு வெவ்வேறு லைனை அதில் மாட்டினால், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எதுவும் வேலை செய்யாது.

பழைய எண்ணின் மேல் பற்று இல்லை, இரண்டு எண்ணையும் புதிதாக இணையவழியிலேயே வாங்கப் போகிறேன் என்பவருக்கு ஐ.பி. போன் நல்லது. இதற்கு ஏ.டி.ஏ. தேவையில்லை, ரூட்டரிலிருந்து வரும் இணையக் கேபிளை நேராகப் போனில் மாட்டலாம். ஆனால் விளம்பரத்தில் ‘2 லைன்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே எண்ணில் இரண்டு அழைப்பைக் கையாள்வதையும் சிலர் இரண்டு லைன் என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: ‘எத்தனை எஸ்.ஐ.பி. கணக்கு?’ ஒரு கணக்கு என்பது ஓர் எண். யீலிங்க் டி30பி ஒரு கணக்குக் கருவி; அதன் அண்ணன் டி31பி இரண்டு கணக்கு. உருவம் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம்.

இன்னொரு கண்ணி: ரூட்டர் துளையில் வாழும் வீட்டு எண்ணை ஐ.பி. போனுக்குள் கொண்டுவருவது பொதுவாக முடியாது. அதற்கான கணக்கு விவரங்கள் பெட்டிக்குள்ளேயே பூட்டியிருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொள்ள விரும்புகிறவர், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஐ.பி. போனை விட்டுவிட்டு அனலாக் பக்கம் போவதே சிக்கனம்.

சிம் வகை எடுப்பவர் கேட்க வேண்டியது ஒன்றே: ‘4ஜி-யில் குரல் அழைப்பு எடுக்குமா?’ 2021 இறுதியோடு 3ஜி நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய தலைமுறைக் கருவிகள் விலை மலிவாக இன்னும் விற்பனையில் இருக்கலாம். அந்த மலிவுக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கக்கூடும்.

எந்த வசதி தேவை, எது வேண்டாம்?

வீட்டு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, லைனுக்கு லைன் மணியை நிறுத்தும் வசதி. இரவு எட்டு மணிக்கு மேல் தொழில் எண்ணின் மணியை மட்டும் அடக்க முடிய வேண்டும். ஆனால் வீட்டு எண் அடிக்க வேண்டும். நடு இரவில் சொந்தத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அழைப்பு வருவது அதில்தான். இந்த வசதி இல்லாத போனை மற்ற எதற்காகவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது, இரண்டு லைனுக்கும் வேறு வேறு மணியோசை. சமையற்கட்டில் இருந்தபடியே ‘இது வீட்டுக்கு’, ‘இது ஆபீசுக்கு’ என்று தெரிந்தால், எடுக்கும்போது ‘ஹலோ’வா, கம்பெனிப் பெயரா என்ற தடுமாற்றம் இராது. லைன் விளக்குகள் தெளிவாக எரிய வேண்டும்: பேச்சில் இருக்கும்போது நிலையாக, ஹோல்டில் இருக்கும்போது சிமிட்டி. காத்திருப்பவரை மறந்துபோவதுதான் வாடிக்கையாளரை இழக்க மிகச் சுலபமான வழி.

ரிசீவரைத் தூக்கினால் எந்த லைன் பிடிக்கும் என்பதையும் கேளுங்கள். அடிக்கிற லைனைத் தானாகப் பிடிப்பதும், எதுவும் அடிக்காதபோது நீங்கள் தேர்ந்தெடுத்த லைனைப் பிடிப்பதும் நல்லது. இல்லையென்றால் பாட்டி மகளுக்குப் போடும் அழைப்பு தொழில் கணக்கில் ஏறும்; வாடிக்கையாளருக்குப் போட்ட அழைப்பில் வீட்டு எண் தெரியும்; அவர் அதையே சேமித்துவைத்துக்கொள்வார்; அப்புறம் இரண்டு எண் வாங்கியதற்கே பொருளில்லை.

ஸ்பீக்கர் தேவை, காப்புறுதி விவரங்களைத் தட்டச்சு செய்தபடி பேச இரண்டு கையும் வேண்டும். நாள் முழுக்கப் பேசுகிறவர் ஹெட்செட் துளை உள்ளதாகப் பார்க்கலாம். பெரிய வண்ணத் திரை, நூற்றுக்கணக்கில் பெயர் சேமிக்கும் நினைவகம், கருவிக்குள்ளேயே பதிவு இயந்திரம்: இவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இணையவேகம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். தெளிவான குரலுக்கு ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். இரண்டு லைனும் ஒரே நேரத்தில் பேசினாலும், பிள்ளைகள் பார்க்கும் ஒரு வீடியோவில் சிறு பங்குதான். குரல் வெட்டி வெட்டி வந்தால் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். ஆகவே ஏ.டி.ஏ.வையோ ஐ.பி. போனையோ கேபிள் வழியாகவே இணையுங்கள்.

மின்சாரமும் இடியும்

செம்புக் கம்பிக் காலத்தில் வீட்டில் மின்சாரம் போனாலும் போன் பேசும். மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியாகவே வந்தது. இழைக்கம்பியில் அது கிடையாது. கண்ணாடி வெளிச்சத்தைக் கடத்துமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் போன கணமே பி.டி.யு., ரூட்டர், ஏ.டி.ஏ. எல்லாம் அணைந்து, மேசைப் போன் வெறும் பிளாஸ்டிக்காகிவிடும். 999-க்குக்கூட அதில் அழைக்க முடியாது. எனவே இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். இவை இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சிறியதே போதும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மாட்டுவதில் பயனில்லை; சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் போன் பேசாது. இரண்டு லைன் போனுக்கே தனி அடாப்டர் தேவைப்பட்டால், அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். பேட்டரி போட இடமிருக்கிறதா, மின்சாரம் இல்லாதபோது இரண்டு லைனும் இயங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகில் இடி மின்னல் அதிகமாக உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பிற்பகலில் வானம் கறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பகாவ்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். செம்புக் கம்பி வெளியிலிருந்து வருகிற வீட்டில் மின்னல் அந்த வழியாகவே உள்ளே புகும். இடி நேரத்தில் வயர் போனில் பேசாமலிருப்பதே நல்லது. இழைக்கம்பி வீட்டில் அந்த வாசல் அடைபட்டாலும், சுவரின் மின்சார பிளக் வழி திறந்தே இருக்கிறது. மின்னழுத்தப் பாதுகாப்புள்ள பிளக் பட்டை போடுங்கள். கடுமையான இடியென்றால் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போது

இரண்டு லைன் அனலாக் போன்களில் பல அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை. இணையத்தில் நல்ல விலைக்கு வரும். அவற்றோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் வருவது அதற்கு இரு மடங்கு. பிளக் வடிவம் பொருந்தவில்லையே என்று ஒரு மாற்றியைப் போட்டு மாட்டினால், பிளக் பொருந்தும், அடாப்டர் புகையும். அடாப்டர் முதுகில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அதோடு, தொலைபேசிக் கருவிகளுக்கு இங்கே அங்கீகாரம் தேவை. பெட்டியிலோ கருவியிலோ அதற்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது எண் விற்கும் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள்: மாதக் கட்டணம் எவ்வளவு? கைப்பேசிக்கு அழைத்தால் நிமிடத்துக்கு எவ்வளவு? நாளை உங்களை விட்டுப் போனால் எண்ணை எடுத்துக்கொண்டு போக முடியுமா? எண் 015-இல் தொடங்குமா, 06-இல் தொடங்குமா என்றும் கேளுங்கள். இணையவழி எண்கள் 015-இல் வருவதுண்டு. பகாவ் ஆள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமானால் 06 தான் தேவை. அந்த எண்ணையே வாட்ஸ்ஆப் பிசினஸுக்கும் பதிந்துகொள்ளலாம்; குறுஞ்செய்திக்குப் பதில் குரல் அழைப்பில் உறுதி எண்ணைச் சொல்வார்கள். ஒரே எண்ணில் பேச்சும் வரும், லோரி படமும் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘இவ்வளவு வேண்டுமா?’ என்று தோன்றினால், அதுவும் நியாயமே. ஒருவர் மட்டும் பார்க்கும் தொழில், எந்நேரமும் வெளியில் சுற்றும் வேலை என்றால், இரட்டை சிம் கைப்பேசி போதும். மேசைப் போன் தேவைப்படுவது, தொழில் ஓர் இடத்தில் உட்கார்ந்து நடக்கும்போதும், போனை எடுப்பவர் ஒருவருக்கு மேல் இருக்கும்போதும்தான். கணவர் லோரியோடு ரொம்பின் போயிருந்தாலும், மணி அடிப்பது மேசையில், எடுப்பது மனைவி, குறிப்பது ரசீதுப் புத்தகத்தின் பக்கத்தில் இருக்கும் நோட்டில். கைப்பேசி ஆளோடு போய்விடும். சுருள்வயர் போட்ட போன் இடத்தை விட்டு நகராது. அதனால்தான் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது.

மாட்டிய முதல் நாளே ஐந்து சோதனை செய்துவிடுங்கள். கைப்பேசியிலிருந்து இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே அழைத்து, சரியான விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் பேசும்போது மற்றதை அழைத்துப் பாருங்கள். ஹோல்டில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். இரண்டு லைனிலிருந்தும் வெளியே அழைத்து, எந்த எண் தெரிகிறது என்று கேளுங்கள். கடைசியாக, மெயின் ஸ்விட்சை அணைத்து யு.பி.எஸ். தாங்குகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியென்றால், மறுநாள் காலை பத்து மணிக்குப் பாட்டி முதல் லைனில் சிரம்பானோடு பேச உட்காரலாம். ஜெராம் பாடாங்கிலிருந்து அழைப்பு வந்தால் மேசையில் இரண்டாவது விளக்கு எரியும். அப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘கொஞ்சம் இரு’ என்று மகளிடம் சொல்லி ஹோல்டை அமுக்கிவிட்டு, மருமகளைக் கூப்பிடுவது. லோரிக்கு ஆள் பேசி முடித்ததும், சிமிட்டிக்கொண்டிருக்கும் பொத்தானைத் தொட்டால் சிரம்பான் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும்.